தாய்லாந்து ஊடகங்களும் "வெளிநாட்டுக் கை" என்ற குற்றச்சாட்டும்

தென்கீழ்த்திசை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தாய்லாந்து அரசியலைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அந்நாட்டு மொழி தெரியாததால், பாங்காக்கிலிருந்து ஆங்கிலத்தில் வெளியாகும் செய்தித் தளங்களையே நம்பியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு நேரடியாக உறைக்கிறது.

2020-இல் மாணவர்கள் வீதிக்கு வந்து, முடியாட்சியைச் சீர்திருத்தவேண்டும் என்று வெளிப்படையாகப் பேசத் தொடங்கியபோது, அரசாங்க ஆதரவாளர்கள் ஒரு வரைபடத்தைப் பரப்பினார்கள். பிரச்சாதாய் செய்தித் தளம், ஐலா என்ற சட்டக் கண்காணிப்பு அமைப்பு, மனித உரிமைகளுக்கான தாய் வழக்கறிஞர்கள் அமைப்பு ஆகிய மூன்றும், அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கும் நிதியில் இயங்கும் ஜனநாயகத்துக்கான தேசிய அறக்கட்டளையிடம் மானியம் பெறுகின்றன, ஆகவே போராட்டமே வாஷிங்டனின் ஏற்பாடு என்பதுதான் அந்த வரைபடம் சொன்ன கதை. போராட்டங்களுக்கு நிதி தரவில்லை என்று பாங்காக்கிலுள்ள அமெரிக்கத் தூதரகம் அறிக்கை வெளியிட்டது. மானியம் பெறுவதை அந்த அமைப்புகளும் மறைக்கவில்லை. அறக்கட்டளையும் தன் மானியங்களைத் தானே வெளியிட்டுவந்தது.

என் கேள்விகள் இரண்டு. அயல்நாட்டு அரசின் பணம் சுற்றிவளைத்து வந்து சேரும் ஓர் ஊடகத்தைச் சுதந்திர ஊடகம் என்று சொல்வது சரியா? இரண்டாவது, 1999-ஆம் ஆண்டின் அந்நியர் வணிகச் சட்டம் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சித் தொழில்களை அந்நியர்களுக்கு முற்றாக மூடிவைத்திருக்கிறது. அப்படியிருந்தும் வெளிநாட்டுச் செல்வாக்கு பற்றிய அச்சம் அங்கே ஏன் தணியவே இல்லை?

அச்சுக்கூடம் எழுதியது:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கான விடை பெரும்பாலும் ஐடிவி என்ற ஒரே தொலைக்காட்சி நிலையத்தின் கதைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

1992 மே மாதம் பாங்காக் வீதிகளில் இராணுவம் மக்களைச் சுட்டது. அன்றிருந்த அத்தனைத் தொலைக்காட்சி நிலையங்களும் ஒன்று இராணுவத்துக்கோ அரசுத் துறைகளுக்கோ சொந்தமானவை, அல்லது அவற்றிடம் உரிமம் பெற்று நடத்தப்பட்டவை. அவை எதிலும் அந்தக் காட்சிகள் உள்ளபடி வரவில்லை. நாளிதழ்கள் எழுதின, தொலைக்காட்சிகள் மறைத்தன என்ற கசப்பிலிருந்துதான் அரசின் பிடிக்குள் வராத ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1996-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ஐடிவி அந்தக் கோரிக்கையின் குழந்தை. அதன் ஒளிபரப்பு நேரத்தில் 70 விழுக்காடு செய்திக்கும் அறிவுசார் நிகழ்ச்சிகளுக்கும் ஒதுக்கப்படவேண்டும் என்பது உரிம நிபந்தனை.

பொருளாதார நெருக்கடியில் கடனில் மூழ்கிய அந்நிலையத்தை 2000-இல் தக்சின் ஷினவத்ரா குடும்பத்தின் ஷின் குழுமம் வாங்கியது. அடுத்த ஜனவரியில் தேர்தல், அதில் வென்று தக்சின் பிரதமரானார். முதலாளிக்குச் சாதகமாகச் செய்தி போடும்படி நெருக்குகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்ன செய்தியாளர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர், தேர்தல் முடிந்த சில வாரங்களில் வேலையிழந்தார்கள். அந்த நீக்கம் முறையற்றது என்று நீதிமன்றம் சொல்லி முடிப்பதற்குள் நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. 2004-இல் நடுவர் மன்றம் ஒன்று ஐடிவி அரசுக்குச் செலுத்தவேண்டிய ஆண்டுக் கட்டணத்தை 100 கோடி பாட்டிலிருந்து 23 கோடியாகக் குறைத்ததோடு, செய்தியின் பங்கையும் 50 விழுக்காடாகக் குறைக்க அனுமதித்தது. பிரதமரின் குடும்ப நிறுவனத்துக்கும் பிரதமர் அலுவலகத்துக்கும் இடையிலான வழக்கில் பிரதமர் அலுவலகம் தோற்றது என்பதை நினைவில் வையுங்கள்.

அந்நியர் கதை இங்கேதான் நுழைகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களில் அந்நியர் பங்குக்கான உச்சவரம்பை 25 விழுக்காட்டிலிருந்து 49 ஆக உயர்த்திய சட்டத் திருத்தம் 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வந்து இரண்டொரு நாளுக்குள், ஜனவரி 23 அன்று, ஷின் குழுமத்தின் ஏறத்தாழ பாதிப் பங்குகள் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்கின் தரப்புக்கு 7,300 கோடி பாட்டுக்குக் கைமாறின. ஷின் குழுமத்தின் கையில் நாட்டின் மிகப் பெரிய கைப்பேசி நிறுவனமும், செயற்கைக்கோள்களும், ஐடிவியின் பெரும்பான்மைப் பங்கும் இருந்தன. அதாவது, அந்நியர் தொலைக்காட்சி நடத்தக்கூடாது என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்தபோதே, மக்கள் இரத்தம் சிந்திக் கேட்டுவாங்கிய ஒரு நிலையத்தில், இடையில் நிறுத்தப்பட்ட உள்நாட்டு நிறுவனங்கள் வழியாக, அண்டை அரசொன்றுக்குப் பங்கு கிடைத்துவிட்டது. அந்த விற்பனைக்கு வரி கட்டப்படவில்லை என்ற கோபம் வீதிப் போராட்டமாகப் பெருகி, செப்டம்பர் 19 ஆட்சிக் கவிழ்ப்பில் போய் முடிந்தது. ஆகவே அந்த அச்சத்தை வெறும் மனப்பிராந்தி என்று தள்ளிவிட முடியாது. அதற்கு நிகழ்ந்த அனுபவம் இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்துவிட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

மீதிக் கதையும் சுவையானது. நடுவர் மன்றத் தீர்ப்பை நிர்வாக நீதிமன்றம் இரத்துசெய்ததால் ஏறத்தாழ 10,000 கோடி பாட் அபராதச் சுமை விழுந்து, 2007 மார்ச்சில் ஐடிவியின் உரிமம் பறிக்கப்பட்டது. அந்த அலைவரிசை 2008 ஜனவரியில் தாய் பிபிஎஸ் என்ற பொது ஒளிபரப்பு நிலையமாக மறுபிறவி எடுத்தது. மது, புகையிலை மீதான தீர்வையில் 1.5 விழுக்காடு, ஆண்டுக்கு 200 கோடி பாட்டுக்கு மிகாமல், அதற்கு நேரடியாகச் செல்கிறது. குடிப்போரும் புகைப்போரும் தாங்கி நடத்தும் செய்தி நிலையம் என்று சொன்னால் பிழையில்லை.

நிலையம் போனபின்னும் ஐடிவி என்ற நிறுவனம் மட்டும், அரசுடனான வழக்கு முடியாததால், ஒளிபரப்பு ஏதுமின்றிக் காகிதத்தில் உயிரோடு இருந்தது. தக்சின் அனுபவத்துக்குப் பின், அரசியல்வாதிகள் ஊடகப் பங்குகள் வைத்திருக்கக் கூடாது என்ற தடை 2007 அரசியலமைப்பில் சேர்ந்தது. 2017 அரசியலமைப்பில் அது வேட்பாளருக்கே தகுதியிழப்பாக விரிந்தது. 2023 மே தேர்தலில் 151 இடங்களோடு முதலிடம் பிடித்த முன்னேற்றக் கட்சியின் தலைவர் பிடா லிம்ஜாரோன்ரட், இறந்துபோன தந்தையின் சொத்திலிருந்து வந்த 42,000 ஐடிவி பங்குகளுக்காக ஜூலை 19 அன்று இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் 120 கோடிக்கும் மேல். பங்குதாரர் கூட்டக் குறிப்பில், ஊடகத் தொழில் இன்னும் நடக்கிறது என்று பொருள்படும்படி எழுதப்பட்டிருந்த விடைக்கும், அதே கூட்டத்தின் காணொளியில் அதற்குத் தலைமை வகித்தவர் உண்மையில் சொன்ன விடைக்கும் இருந்த வேறுபாட்டைத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர்தான் வெளிக்கொணர்ந்தார். 2024 ஜனவரியில், ஐடிவி ஊடக நிறுவனமாக இயங்கவில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் கூறி பிடாவை விடுவித்தது. பிரதமராகும் வாய்ப்பு அதற்குள் கடந்துபோயிருந்தது.

ஊடகச் சுதந்திரத்தைக் காக்க வந்த விதி யாரைத் தாக்கியது என்று பார்த்தால், அந்நாட்டில் ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

வானொலிப்பித்தன் எழுதியது:

அச்சுக்கூடம் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் கதையை 1992-இல் தொடங்கினால் வெளிநாட்டுக் குரல்களின் பெரிய அத்தியாயம் விடுபட்டுவிடும். சிற்றலை வானொலி கேட்டு வளர்ந்தவன் என்பதால் அதை மட்டும் சேர்க்கிறேன்.

1962 முதல், தடைசெய்யப்பட்டிருந்த தாய்லாந்துப் பொதுவுடைமைக் கட்சியின் "தாய்லாந்து மக்கள் குரல்" வானொலி சீனத்தின் யுன்னான் மாநிலத்திலிருந்து ஒலித்தது. எதிர்ப்புறத்தில், நாட்டுக்குள் ஏறத்தாழ ஐம்பதாயிரம் படையினரை வைத்திருந்த அமெரிக்கா, தன் தகவல் சேவை மூலம் இதழ்கள், நடமாடும் திரைப்பட வண்டிகள் என்று வடகிழக்கின் கிராமங்கள் வரை சென்றது. அரசாங்கம் முதலாவதை அந்நியச் சதி என்றது. இரண்டாவதை வளர்ச்சிப் பணி என்றது.

அந்த மக்கள் குரலின் முடிவுதான் எனக்கு மறக்க முடியாதது. வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்தபின், சீனத்துக்கும் தாய்லாந்து அரசுக்கும் பொது எதிரி ஒன்று கிடைத்தது. பாங்காக்கின் தயவு பெய்ஜிங்குக்குத் தேவைப்பட்டது. 1979 ஜூலையில் வானொலி நின்றது. பல்கலைக்கழகப் படுகொலைக்குப் பின் காட்டுக்குள் ஓடி, அந்த ஒலிபரப்பை உலகத்தோடு தமக்கிருந்த ஒரே கயிறாகப் பற்றியிருந்த மாணவர்களை யாரும் கேட்கவில்லை. படியளப்பவரின் தேவை மாறினால் குரலும் அடங்கும்.

அந்தப் படுகொலையையும் சொல்லவேண்டும். 1976 அக்டோபர் 6 அன்று தம்மசாத் பல்கலைக்கழகத்துக்கு எதிராகக் கூட்டத்தைத் தூண்டிவிட்டது எந்த அயல்நாட்டு ஊடகமும் இல்லை. தாவ் சயாம் என்ற உள்நாட்டு நாளிதழும், இராணுவக் கவசப் படைப் பிரிவின் வானொலியும்தான், மாணவர்கள் பட்டத்து இளவரசரின் உருவத்தைத் தூக்கிலிட்டு நடித்தார்கள் என்ற செய்தியை ஊதிப் பெருக்கின. அதிகாரபூர்வக் கணக்கின்படியே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பிபிசியின் தாய் சேவையும் இதே வகையில் கவனிக்கத்தக்கது. 2006 தொடக்கத்தில் இலண்டன் அந்தச் சேவையை மூடியது. அதே ஆண்டு பாங்காக்கில் டாங்கிகள் வந்தன. 2014 மே ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, ஜூலையில், முகநூலில் மட்டும் இயங்கும் தற்காலிகச் சேவையாக அது திரும்பிவந்து, பிறகு நிலைத்துவிட்டது. 2016 டிசம்பரில் புதிய மன்னரைப் பற்றி அது வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்துவந்த ஒரு சட்டக் கல்லூரி மாணவர் மட்டும் முடியாட்சியை அவமதிப்பதைத் தண்டிக்கும் குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்கீழ் இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். எழுதிய நிறுவனம் வழக்கைச் சந்திக்கவில்லை.

மறுபக்கம் எழுதியது:

இருவரும் பயனுள்ள வரலாற்றைச் சொன்னீர்கள். கேட்டவரின் முதல் கேள்வியை மட்டும் தொடாமல் விட்டுவிட்டீர்கள். அந்நியப் பணம் தீங்கற்றது என்ற முடிவுக்கு வாசகர் வந்துவிடக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அந்த அமெரிக்க அறக்கட்டளை, 1983-இல், பனிப்போரின் கடுமையான கட்டத்தில், அமெரிக்க வெளியுறவு நோக்கங்களின் அங்கமாகவே உருவாக்கப்பட்டது. 2004-இல் தொடங்கிய பிரச்சாதாய் தளம், பிற ஊடகங்கள் தொடத் தயங்கும் 112-ஆம் பிரிவு வழக்குகளையும், தென்மாநிலங்களின் பிரிவினை மோதலையும், தொழிலாளர் சிக்கல்களையும் விடாமல் எழுதிவருகிறது என்பதை மதிக்கிறேன். வாசகர் ஒருவரின் கருத்தை உடனே நீக்கவில்லை என்பதற்காக அதன் நிர்வாகி 2012-இல் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டதையும் அறிவேன். ஆனால் ஒரு தளம் எதை எழுதுகிறது என்பதில் மட்டும் செல்வாக்கு வெளிப்படுவதில்லை. எந்தத் தலைப்புக்கு மானியம் கிடைக்கிறதோ அந்தத் தலைப்புக்குத்தான் செய்தியாளர்கள் அமர்த்தப்படுவார்கள். ஐசான் என்ற வடகிழக்குப் பகுதியில் நெல் விலை வீழ்ந்ததைத் தொடர்ந்து எழுத எந்த அறக்கட்டளை பணம் தரும்?

இதைவிடப் பெரிய சிக்கல் 2025-இல் தெரிந்தது. வாஷிங்டனில் ஆட்சி மாறியதும் அயலுதவி முடக்கப்பட்டது. ஜனநாயக அறக்கட்டளைக்கான பணமும் சில காலம் நின்றது. அமெரிக்கக் குரல் வானொலியின் சேவைகள் முடங்கின. அமெரிக்க அரசின் நிதியில் இயங்கி, தென்மாநிலங்களைப் பற்றித் தாய் மொழியிலும் எழுதிவந்த பெனார் நியூஸ் மூடப்பட்டது. (நம் எழுத்தில் "தாய் மொழி" என்பது "தாய்மொழி" போல் படிக்கப்படும் சங்கடத்துக்கு மன்னிக்கவும்.) வானொலிப்பித்தன் 1979 பற்றிச் சொன்னது அப்படியே மறுபடி நடந்தது, தலைநகரம் மட்டும் வேறு.

அதேவேளை, சீனத்தின் பக்கம் பாருங்கள். 2019 முதல் சீன அரசின் சின்ஹுவா செய்தி முகமை தாய்லாந்தின் பல முன்னணி நாளிதழ்களோடும் தளங்களோடும் உடன்பாடு செய்துகொண்டு, தாய் மொழியிலேயே ஆக்கிய செய்திகளை வழங்கிவருகிறது. விளம்பர வருவாய் சரிந்து, 2013 டிசம்பர் ஏலத்தில் 5,000 கோடி பாட்டுக்கு மேல் கொட்டி எண்மத் தொலைக்காட்சி உரிமம் எடுத்தவர்கள் சிலர் 2019-இல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடும் நிலையில், செலவில்லாமல் வரும் செய்தியை எந்த ஆசிரியர் மறுப்பார்? 2020-இல் பரப்பப்பட்ட அந்த வரைபடத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. 2025 ஆகஸ்டில் பாங்காக் கலை பண்பாட்டு மையத்தில், சர்வாதிகார அரசுகளின் ஒத்துழைப்பைப் பற்றிய கண்காட்சியில், சீனத் தூதரகத்தின் நெருக்குதலுக்குப் பிறகு திபெத்திய, உய்குர், ஹாங்காங் கலைஞர்களின் பெயர்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டன. அந்நியத் தலையீட்டை எதிர்த்து முழங்குவோர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக, மானியம் பெறும் தளத்தைப் படியுங்கள். யார் பணம் என்பதைத் தெரிந்துகொண்டு படியுங்கள். "சுதந்திர" என்ற அடைமொழியை நான் அவற்றுக்குத் தரமாட்டேன். "வெளிப்படையான" என்று வேண்டுமானால் சொல்வேன்.

தென்கீழ்த்திசை எழுதியது:

மூவருக்கும் நன்றி. அந்த அடைமொழி மாற்றம் எனக்கு உதவுகிறது. ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. உள்நாட்டுப் பணத்திலேயே ஓர் ஊடகம் நேர்மையாக இயங்க முடியாதா? அச்சுக்கூடம் சொன்ன தாய் பிபிஎஸ் அதற்கு விடையாகாதா? அரசு நிதிநிலை அறிக்கைக்காகக் கையேந்த வேண்டிய தேவையே அதற்கு இல்லையே.

அச்சுக்கூடம் எழுதியது:

பாதி விடை ஆகும். அந்த ஏற்பாடு ஆசியாவில் அரிது. அந்நிலையம் பல நல்ல ஆவணப்படங்களையும் தேர்தல் நிகழ்ச்சிகளையும் தந்திருக்கிறது. ஆனால் 2013 மார்ச்சில் முடியாட்சியைப் பற்றிய விவாதத் தொடரின் கடைசிப் பகுதியை, எதிர்ப்புக்கு அஞ்சி, ஒளிபரப்பவிருந்த நாளில் நிறுத்திவைத்தது, பிற்பாடுதான் வெளியிட்டது. 2017-இல், வேளாண் உணவுத் துறையின் ஏகபோகக் குழுமமான சிபியின் கடன்பத்திரங்களில் ஏறத்தாழ 20 கோடி பாட் முதலிட்டது வெளியாகி, இயக்குநர் பதவி விலகினார். தீர்வைப் பணம் அரசாங்கத்திடமிருந்து காக்கிறது. அரண்மனையைப் பற்றிய அச்சத்திலிருந்தும் பெரும் வணிகத்தின் ஈர்ப்பிலிருந்தும் காக்க அது போதவில்லை.

மறுபக்கம் சொன்னதில் ஓரிடத்தில் வேறுபடுகிறேன். பணத்தின் ஊற்றைத் தேடுவதில் நாம் செலவிடும் நேரத்தில் பாதியையாவது ஆபத்து யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதில் செலவிடவேண்டும். ரோஹிங்யா படகு மனிதர்களைக் கடத்துவதில் கடற்படையினர் சிலருக்குத் தொடர்புண்டு என்று 2013-இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. அந்த வரிசைக் கட்டுரைகள் புலிட்சர் பரிசு பெற்றன. அதிலிருந்து 41 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை எடுத்துப்போட்ட புக்கெட்வான் என்ற சிறிய உள்ளூர்த் தளத்தின் ஆசிரியர்மீதும் செய்தியாளர்மீதும் கடற்படை அவதூறு வழக்கும் கணினிக் குற்ற வழக்கும் தொடுத்தது. 2015 செப்டம்பரில் இருவரும் விடுதலையானார்கள். அந்தத் தளம் அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை.

அரசு சாரா அமைப்புகளின் அயல்நிதியைக் கட்டுப்படுத்தும் சட்டவரைவை 2021-இலும் 2022 தொடக்கத்திலும் அமைச்சரவை முன்னெடுத்தது. எதிர்ப்பால் அது சட்டமாகவில்லை. அப்படியொரு சட்டம் வந்திருந்தாலும் 2025 ஜூனில் நடந்ததைத் தடுத்திருக்காது. எல்லைத் தகராறு முற்றியிருந்த வேளையில் பிரதமர் பெய்தோங்தார்ன் ஷினவத்ரா, கம்போடிய செனட் தலைவர் ஹுன் சென்னை "மாமா" என்று அழைத்துப் பேசி, தன் நாட்டின் வடகிழக்குப் படைத் தளபதியை எதிர்த்தரப்பினர் என்று குறித்தார். அந்த உரையாடலைப் பதிவுசெய்து, 80 பேருக்குப் பகிர்ந்ததாக ஹுன் சென்னே சொன்னார். ஒரு பகுதி கசிந்ததும், 17 நிமிட ஒலிப்பதிவு முழுவதையும் தன் முகநூல் பக்கத்தில் வெளியிட்டார். ஆகஸ்ட் 29 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் பெய்தோங்தார்னைப் பதவி நீக்கியது. அண்டை நாட்டுத் தலைவர் ஒருவர் தாய்லாந்து அரசாங்கத்தை ஆட்டிவைக்க ஒரு செய்தித் தளத்துக்கும் மானியம் தரவேண்டியிருக்கவில்லை, பங்கு வாங்கவேண்டியிருக்கவும் இல்லை. அடுத்த சில நாள்களுக்கு பாங்காக்கின் எல்லா நிலையங்களும் அந்தப் பதிவைத் தாங்களாகவே ஒலிபரப்பிக்கொண்டிருந்தன.